முறிந்த தாக்குதலில் மிஞ்சுவது

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பள்ளி விடுமுறை நாட்களில் நடக்கும் சிறுவர் சதுரங்கப் போட்டிகளில், முதல் இரண்டு சுற்றுகளுக்குள் ஏதாவது ஒரு பலகையில் இந்த நிலை வந்துவிடும். வெள்ளையின் மந்திரி சி4 கட்டத்தில் நிற்கிறது. நான்காவது நகர்வில் குதிரை ஜி5-க்குத் தாவுகிறது. இரண்டும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. கறுப்பு, மந்திரியின் வழியை மறிக்க டி5-க்குச் சிப்பாயைத் தள்ளுகிறது. வெள்ளை அதை வெட்ட, கறுப்பு தன் குதிரையால் திருப்பி வெட்டுகிறது. பார்த்த மாத்திரத்தில் மிக இயல்பாகத் தோன்றும் அந்த வெட்டில்தான் கண்ணி இருக்கிறது. ஆறாவது நகர்வில் வெள்ளைக் குதிரை எஃப்7-இல் பாய்ந்து உயிரைக் கொடுக்கிறது. ராஜா அதை எடுக்கிறது. ராணி எஃப்3-க்கு வந்து செக் சொல்கிறது. டி5 குதிரையைக் கைவிடக் கூடாதென்றால் ராஜாவே இ6 வரை நடந்து வந்து பலகையின் நடுவில் நிற்க வேண்டும். ஃப்ரைட் லிவர் என்று பெயர் பெற்ற இந்தத் தாக்குதலை 1600-ஐ ஒட்டிய காலத்தில் ரோமில் பொலேரியோ ஆடியிருக்கிறார். நானூறு ஆண்டுகள் கழித்தும் அது குழந்தைகளுக்குக் கோப்பைகளை வாங்கித் தருகிறது. அது பயிற்சியாளர்களிடையே ஓயாத ஒரு விவாதத்தையும் கிளப்புகிறது: இப்படி எடுத்த எடுப்பிலேயே பாய்வது நல்ல ஆட்டம்தானா, அல்லது எதிராளியின் அறியாமையில் பிழைக்கும் தந்திரமா?

வழக்கமாக இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். எதிராளி ஒவ்வொரு முறையும் மிகச் சரியான நகர்வைக் கண்டால் தாக்குதல் நிற்குமா என்று பார்ப்பது ஒன்று. இது ஆய்வு மேசையின் நியாயம். இன்று அதை ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின்கள் நொடியில் சொல்லிவிடுகின்றன. எஞ்சின் எதிரே வந்து உட்காரப் போவதில்லை, பத்து நிமிடக் கடிகாரத்தோடு வேர்த்த கையோடு உட்காரும் ஒரு மனிதர் என்ன செய்வார் என்பதே கேள்வி என்பது இன்னொன்று. இரண்டுமே அரைகுறையானவை என்பது என் எண்ணம். எதிராளி சரியான பதிலைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தாக்குதல் ராஜாவைப் பிடிக்கவில்லை. அப்போது தாக்கியவரின் கையில் என்ன மிஞ்சியிருக்கிறது? ஆடத்தக்க ஒரு நிலை மிஞ்சினால் அந்தத் தாக்குதல் நடைமுறையில் உறுதியானது. வெறும் பள்ளம் மிஞ்சினால், நூறு பேரை வீழ்த்தியிருந்தாலும் அது உறுதியற்றது. அபாயத்தின் அளவை எதிராளி தவறும் வாய்ப்பைக் கொண்டு மட்டும் கணக்கிடுகிறோம். தவறாவிட்டால் நாம் கொடுக்கப்போகும் விலையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்த அளவுகோலை ஜி5 குதிரைக்கே வைத்துப் பார்க்கலாம். விவரம் அறிந்த கறுப்பு ஐந்தாவது நகர்வில் சிப்பாயைத் திருப்பி வெட்டாது. தன் குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் சி4 மந்திரியை மிரட்டும். மந்திரி பி5-இல் செக் கொடுத்து, சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, மந்திரி இ2-க்குத் திரும்பும். ஜி5 குதிரையை எச்6 சிப்பாய் விரட்டும். தாக்குதல் என்று சொல்ல அங்கே இனி எதுவும் இல்லை. காய்களை வெளியே கொண்டுவருவதில் கறுப்பு முந்திவிட்டது, மையத்திலும் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் வெள்ளையிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறது. சிப்பாய் அமைப்பில் பழுது இல்லை. கோட்டை கட்டத் தடையும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுமையாக நெருக்கடியைத் தாங்கினால் அந்த ஒரு சிப்பாய் முடிவாட்டம் வரை கூட வரும். தார்ராஷ் போன்ற ஜெர்மானிய ஆசான் இந்தக் குதிரை நகர்வைக் கற்றுக்குட்டித்தனம் என்று இகழ்ந்தபோதும் அது சாகாமல் போனதற்குக் காரணம் இதுதான். 1890-91-இல் தந்தி வழியாக நடந்த ஆட்டத்தில் ஸ்டைனிட்ஸ், விரட்டப்பட்ட குதிரையை எச்3 என்ற ஓரக் கட்டத்துக்குக் கொண்டுபோனார், சிகோரினிடம் தோற்றார். அந்த நகர்வு எள்ளி நகையாடப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1963-இல் ஃபிஷர் பிஸ்கையருக்கு எதிராக அதே குதிரையை அதே எச்3-க்குக் கொண்டுபோய் வென்றார். இருவரும் தாக்குதலை முடித்துக்கொண்ட இடத்திலிருந்துதான் ஆட்டத்தைத் தொடங்கினார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

இதற்கு நேர் எதிராக ஹாலோவீன் காம்பிட்டை வைக்கலாம். நான்கு குதிரை ஆட்டத்தில் நான்காவது நகர்விலேயே வெள்ளை ஒரு குதிரையை இ5 சிப்பாய்க்காகக் கொடுத்துவிட்டு, மையச் சிப்பாய்களை உருட்டிவந்து கறுப்புக் குதிரைகளைத் துரத்துகிறது. மின்னல் வேக ஆட்டங்களில் இது பலரைக் கவிழ்க்கிறது. ஆனால் கறுப்பு பதறாமல் குதிரையை ஜி6-க்கும் மற்றதை ஜி8-க்கும் ஒதுக்கி, தக்க சமயத்தில் டி சிப்பாயைத் தள்ளி மையத்தை உடைத்தால், வெள்ளையிடம் இருப்பது முன்னே போய் நிற்கும் சில சிப்பாய்களும் இல்லாத ஒரு குதிரையும்தான். முதல் தாக்குதலிலும் இதிலும் எதிராளி தவறும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். விலைதான் வேறு.

விலையைப் பற்றி இன்னும் நுட்பமாகச் சொல்லத் தூண்டுவது மார்ஷலின் கதை. 1918-இல் நியூயார்க்கில் கபாபிளாங்காவுக்கு எதிராக ஃபிராங்க் மார்ஷல், ரூய் லோபஸ் ஆட்டத்தில் கறுப்புக்காக எட்டாவது நகர்வில் டி5 என்று சிப்பாயைத் தள்ளி, இ5 சிப்பாயைப் பலிகொடுத்தார். வீட்டில் தயாரித்த வலை இது என்று தெரிந்தே கபாபிளாங்கா உள்ளே நுழைந்தார். பலகையிலேயே ஒவ்வொரு மிரட்டலையும் கண்டுபிடித்துத் தடுத்து வென்றார். ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் மார்ஷல் தாக்குதல் அன்றே புதைக்கப்பட்டிருக்கும். நடந்தது வேறு. பதினோராவது நகர்வில் குதிரையை எஃப்6-க்குத் திருப்புவதற்குப் பதிலாக சி6 என்று அமைதியாக ஒரு சிப்பாயை நகர்த்தும் முறை பின்னால் உருவானது. அதற்குப் பின் கறுப்புக்கு ராஜாவைப் பிடிக்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் போனது. இரண்டு மந்திரிகளும் நீளமான மூலைவழிகளில் உயிர்ப்போடு நிற்கின்றன. வெள்ளையின் ராணிப் பக்கக் காய்கள் இன்னும் வீட்டிலேயே இருக்கின்றன. தாக்குதல் கரைந்து ராணிகள் வெட்டுப்பட்டு முடிவாட்டம் வந்தாலும் ஒரு சிப்பாய் குறைவோடு கறுப்பு சமன் செய்துவிட முடிகிறது. இன்று உலகின் உச்சியில் ஆடுபவர்கள் பலர் வெள்ளையோடு எட்டாவது நகர்விலேயே ஏ4 அல்லது எச்3 என்று விலகிச் சென்று இதைத் தவிர்க்கிறார்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற தாக்குதல் நூறாண்டு கடந்தும் அச்சம் தருகிறதென்றால், அதன் பலம் மேட்டில் இல்லை, மேட் கிடைக்காதபோது எஞ்சும் அந்த இரண்டு மந்திரிகளில் இருக்கிறது.

தாக்குதல் எதைச் செலவழிக்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. குதிரை ஜி5-க்குப் போனால் திரும்பி வரலாம். நேரம் மட்டும்தான் நஷ்டம். ராணியும் அப்படித்தான். 2005-இல் ஸ்கண்டிநேவியாவில் நடந்த சிகேமன் போட்டியில், சென்னையின் கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக ஹிகாரு நகமுரா இரண்டாவது நகர்விலேயே ராணியை எச்5-க்குக் கொண்டுவந்தார். முதல் வகுப்புப் பிள்ளைகள் நான்கு நகர்வு மேட்டுக்கு முயலும் அதே நகர்வு. சசிகிரண் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு கொந்தளிக்கவில்லை; குதிரைகளை வெளியே எடுத்தார், ஜி6 சிப்பாயால் ராணியை எஃப்3-க்கு விரட்டினார், நீண்ட ஆட்டத்தில் வென்றார். ஆனால் தொடக்கத்தில் வெள்ளை நொறுங்கிப்போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ராணி திரும்பிவிட்டது, இழந்தவை ஓரிரு நகர்வுகள்தான். முன்னால் தள்ளிய சிப்பாயின் கதை வேறு. 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம். டிங் லிரன் பிரெஞ்சுத் தற்காப்பை எடுத்தார். நம் குகேஷ் பத்தாவது நகர்வில் ராஜா பக்கத்து ஜி சிப்பாயை ஜி4 வரை தள்ளிப் போர் தொடுத்தார். டிங் ராணிப் பக்கத்தைத் திறந்தார். ராஜா பக்கத்தில் வரவேண்டிய தாக்குதல் வரவே இல்லை. போய்விட்ட சிப்பாய் விட்டுச்சென்ற வெற்றிடம் மட்டும் ஆட்டம் முழுக்க நின்றது. 42 நகர்வுகளில் கறுப்பு வென்றது. காய்களில் பின்வாங்கத் தெரியாதது சிப்பாய் மட்டும்தான். தொடக்கத்திலேயே சிப்பாய்களைச் செலவழிக்கும் தாக்குதலுக்குக் கூடுதல் நிரூபணம் கேட்பது நியாயம். குகேஷ் மூன்றாவது ஆட்டத்தில் சமன் செய்து, டிசம்பர் 12 அன்று உலக சாம்பியன் ஆனார். அந்த எழுச்சியைக் காட்டி முதல் ஆட்டத்தின் ஜி4-ஐ நியாயப்படுத்த முடியாது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். மனிதர்கள் எஞ்சின்கள் அல்லர். தயாராக வந்த தாக்குதலுக்கு எதிரே, கடிகாரம் ஓட, தற்காத்துக்கொள்வது தாக்குவதைவிடப் பல மடங்கு கடினம். ஆகவே நடைமுறை உறுதி என்பதே தயாரிப்பின் உறுதிதான் என்பார்கள். இதற்கு நமக்கு நெருங்கிய சாட்சி விஸ்வநாதன் ஆனந்த். 1995-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-ஆம் மாடியில் கஸ்பரோவுடன் நடந்த போட்டியில் முதல் எட்டு ஆட்டங்கள் சமன். ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில் ஆறாவது ஆட்டத்தின் அதே ஓப்பன் ரூய் லோபஸ் வந்தது. கஸ்பரோவ் பதினான்காவது நகர்வில் மந்திரியை சி2-க்கு ஒதுக்கினார். ஒரு யானையை மூலையில் கறுப்பு ராணிக்கு இரையாக விட்டுவிட்டு, நடுவில் நிற்கும் ராஜாவின் மேல் பாய்வது திட்டம். வீட்டிலேயே கடைசி வரை கண்டு வைத்திருந்த திட்டம். ஆனந்த் நெடுநேரம் யோசித்தார், யானையை எடுத்தார், 38 நகர்வுகளில் தோற்றார். மறுப்புக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஆனாலும் கூர்ந்து பார்த்தால் அது என் பக்கம்தான் பேசுகிறது. கஸ்பரோவின் பலி எதிராளி தவறுவார் என்ற நம்பிக்கையில் வைத்த பந்தயம் இல்லை. கறுப்பு எதைத் தேர்ந்தாலும் வெள்ளைக்கு மோசமில்லாத நிலை மிஞ்சும் என்று முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டது. அந்தச் சரிபார்ப்பே தயாரிப்பு. அதில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004-இல் பிரிஸ்ஸாகோவில் கிராம்னிக்–லேக்கோ போட்டியின் எட்டாவது ஆட்டம் சான்று. மார்ஷல் தாக்குதலுக்கு எதிராக உலக சாம்பியன் கிராம்னிக் கணினியோடு தயாரித்து வந்த வரிசையில் ஒரு ராணி நகர்வு விடுபட்டிருந்தது. லேக்கோ பலகையிலேயே அதைக் கண்டார். 32 நகர்வுகளில் லேக்கோ வென்றார்.

ஆனந்த் அந்தப் பாடத்தை வீணாக்கவில்லை. 2008-இல் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்த்து மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்போடு செமி-ஸ்லாவின் மெரான் கிளையில், பதினான்காவது நகர்வில் மந்திரியை பி7-இல் வைத்து ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்தார். கறுப்பின் யானை ஜி8-இல் திறந்த வழியில் நின்றது. இரண்டிலும் வென்றார். விட்டுக்கொடுத்த சிப்பாய்க்கு உடனடி மேட் எதுவும் வாங்கவில்லை. பல நகர்வுகளுக்குத் தீராத ஒரு நெருக்கடியை வாங்கினார். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த சதுரங்க மன்றத்துக்கு மிகையில் தால் என்று பெயர். பலகையில் தீ மூட்டியவர் என்று உலகம் கொண்டாடிய அதே தால். சிறுவயதில் ஆனந்த் ஆடிய இடம் அது. தாலின் புகழ்பெற்ற பலிகளில் பெரும்பாலானவை காய்கள் எல்லாம் வெளியே வந்த பிறகே நிகழ்ந்தவை என்பதை அவரது ரசிகர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

முதல் ஐந்து நகர்வுகளில் பாய்வது பற்றிய இந்தக் கவலையே நம் ஊரில் ஒப்பீட்டளவில் புதியது. வீட்டுத் திண்ணைகளில் ஆடிய பழைய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இன்றுபோல் கோட்டை கட்டுவது இல்லை, ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோலத் தாவலாம். படைகள் நெருங்கவே நேரம் பிடிக்கும். சர்வதேச விதிகள் இங்கே வேரூன்ற உழைத்தவர்களில் முதன்மையானவர் மானுவேல் ஆரோன், 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். இரண்டு கட்டம் தாவும் சிப்பாயோடு ஐரோப்பாவின் காம்பிட்டுகளும் அவற்றின் நானூறாண்டு அனுபவமும் வந்து சேர்ந்தன. காம்பிட்டுகள் வேகமாகப் பரவின. அனுபவம் அவ்வளவு வேகமாகப் பரவவில்லை.

பலகைக்கு வெளியே இதே கேள்வியை குமரி மண்ணில் ஒரு முறை கேட்டிருக்கிறார்கள். 1741-இன் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை வடக்கே இருந்தது. கடற்கரை ஊர்கள் விழுந்தன. பத்மநாபபுரத்தை நோக்கி டச்சுக்காரர்கள் நகர்ந்தார்கள். தொடக்கத் தாக்குதலுக்கு இதைவிட நல்ல தருணம் அமையாது: எதிராளியின் காய்கள் தொலைவில், தலைநகரம் அருகில். ஆனால் பின்னால் வரவேண்டிய படை பத்தாவியாவிலிருந்து வரவில்லை. ஜாவாவிலேயே அவர்களுக்குப் போர் மூண்டிருந்தது. திருவிதாங்கூர்ப் படை தெற்கே திரும்பியதும் டச்சுக்காரர்கள் குளச்சலுக்குள் ஒடுங்கினார்கள். ஆகஸ்ட் மாதம் சரணடைந்தார்கள். முறிந்த பிறகு அவர்களிடம் மிஞ்சியது முதுகுக்குப் பின்னால் கடல். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்து 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். தாக்குதல் மடத்தனம் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். பின்னணிக் காய்கள் இல்லாமல் தொடங்கியது என்பதே குறை. ராணியும் மந்திரியும் மட்டும் முன்னேறி, மற்றவை வீட்டில் உறங்கும் சிறுவனின் பலகையில் இருக்கும் அதே குறை.

சிலர் இன்னொரு உதாரணத்தை எதிரே வைப்பார்கள்: திருவிதாங்கூரின் திவான் தலக்குளத்து வேலுத்தம்பி. 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது, மெக்காலே தப்பினார். அடுத்த மாதம் ஆங்கிலேயருக்கு எதிராக மக்களை அழைத்த குண்டறைப் பிரகடனம். 1809 பிப்ரவரி 10 அன்று திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கடந்தது. மண்ணடியில் வேலுத்தம்பி உயிர் துறந்தார். மிஞ்சியதைக் கொண்டு அளந்தால் இதையும் உறுதியற்றது என்றுதானே சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். இல்லை. 1805 உடன்படிக்கை ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய்க் கப்பத்தைத் திருவிதாங்கூரின் மேல் ஏற்றியிருந்தது. அமைதியாக ஆடினாலும் அந்த நிலை நாளுக்கு நாள் இறுகிக்கொண்டேதான் இருந்தது. அசையாமல் இருப்பதன் விலையே தோல்வி என்றால், முறியும் தாக்குதலின் விலை அதைவிடப் பெரிதாகாது. சதுரங்கத்திலும் தோற்றுக்கொண்டிருக்கும் நிலையில் ஒரு காயை வீசிக் குழப்பத்தை உண்டாக்குவது சரியான ஆட்டமே. ஆட்டத்தின் முதல் நகர்வில் யாரும் தோற்றுக்கொண்டிருக்கவில்லை. வேலுத்தம்பிக்கு இருந்த நியாயத்தை முப்பத்திரண்டு காய்களும் பலகையில் நிற்கும்போது கடன் வாங்க முடியாது.

குழந்தைகளுக்கு ஃப்ரைட் லிவரும் கிங்ஸ் காம்பிட்டும் கற்பிக்கலாமா என்ற கேள்வியில் பயிற்சியாளர்கள் சொல்லும் காரணம் உண்மையானது: தாக்கி ஆடுகிற பிள்ளைக்குக் காய்களின் வலு சீக்கிரம் பிடிபடும், காத்துக் காத்து ஆடுகிற பிள்ளைக்குச் சலித்துப்போகும். இதை நான் மறுக்கவில்லை. 1960-இல் மார் தெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கியின் கிங்ஸ் காம்பிட்டிடம் தோற்ற ஃபிஷர் மறு ஆண்டே அந்தத் தொடக்கம் அடியோடு தவறானது என்று கட்டுரை எழுதினார். பிறகு அதே தொடக்கத்தை மூன்றாவது நகர்வில் மந்திரியை சி4-இல் வைக்கும் கிளையில் தானே ஆடி எவன்ஸ், வேட், மினிச் ஆகியோரை வென்றார். ஆய்வு மேசையில் சொன்னதும் பலகையில் செய்ததும் முரண்பட்டாலும், முறிந்தபின் அந்தக் கிளையில் எப்படி ஆடுவது என்று ஃபிஷருக்குத் தெரிந்திருந்தது. நம் பயிற்சி வகுப்புகளில் விடுபடுவது அந்தப் பகுதி. எஃப்7-இல் குதிரை பாயும் வரிசை ஏழு நகர்வுகளில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. கறுப்பு ஏ5-க்குக் குதிரையைக் கொண்டுபோன பிறகு வரும் நிலை பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கப்படுவதில்லை. அதைச் சந்தித்ததும் பிள்ளை இல்லாத மேட்டைத் தேடி, கூடுதல் சிப்பாயையும் திருப்பிக் கொடுத்து, பிறகு ஆட்டத்தையும் கொடுத்துவிடுகிறது. பயிற்சி அங்கிருந்து தொடங்கட்டும். பத்தாவது நகர்வு முடிந்த அந்தப் பலகையை வைத்து, வெள்ளையோடு ஒரு முறையும் கறுப்போடு ஒரு முறையும் கடைசி வரை ஆடச் சொல்ல வேண்டும். ஒரு சிப்பாயை இருபது நகர்வுகள் காப்பாற்றிக் கோட்டை கட்டி முடிவாட்டத்துக்குக் கொண்டுபோகத் தெரிந்த பிள்ளை, அடுத்த போட்டியில் நான்காவது நகர்வில் குதிரையை ஜி5-க்குத் தாராளமாகத் தூக்கி வைக்கலாம்.